நடுகல்லும் பள்ளிப்படையும் உழவாரமும்

திருச்சிற்றம்பலம்

நாட்றம்பள்ளியிலுள்ள சைவ அன்பர் ஒருவர் அண்மையில் எமக்கு ஒரு திருமுகம் விடுத்திருந்தார். தாமும் நண்பர் நால்வரும் ஞாயிறுதோறும் ஏலகிரியின் அடிவாரத்துச் சிற்றூர்களுக்குச் சென்று, முட்புதர்களில் மறைந்து கிடக்கும் பழைய நடுகற்களையும், இன்னாருடையவென்று ஊரார் அறியாத சமாதிகளையும் தேடிக் கண்டு, செடி களைந்து நீர்விட்டுக் கழுவித் துப்புரவு செய்து வருவதாக அவர் எழுதியிருந்தார். ஊர்ப்பெரியோர் சிலரோ, “செத்தார் கல்லைத் தொட்ட கையால் திருநீறு பூசிக் கோயிலுட் புகுவது எங்ஙனம்?” என்று கடிந்துரைத்தனராம். அவ்வுரைக்கு அஞ்சி நண்பருள் ஒருவர் வாராது நின்றுவிட்டார். “யாங்கள் செய்வது தொண்டா, தீட்டா? சைவர்க்கு இஃது அடுக்குமா?” என்பது அவ்வன்பர் வினா.

இவ்வினாவுக்கு ஒரு சொல்லில் விடை கூறிவிடுதல் முறையன்று. இறந்தார் பொருட்டு நம் முன்னோர் எடுத்தவை ஒருதன்மையன அல்ல. வீரர்க்கு நட்ட நடுகல், அரசர்க்கு எடுத்த பள்ளிப்படை, சிவஞானியர்க்கு அமைத்த சமாதி என அவை மூவகைப்படும். ஒவ்வொன்றின் இயல்பையும் வரலாறு கொண்டு தெளிந்த பின்னரே தொண்டென்றும் தீட்டென்றும் உரைத்தல் தகும்.

முதற்கண் நடுகல்லை நோக்குவோம். நடுகல் நடுதற்குரிய துறைகளைத் தொல்காப்பியனார் புறத்திணையியலில் வகுத்துள்ளார். தக்க கல்லைத் தேர்ந்து காண்டல் காட்சி. அதனைக் கொள்ளுதல் கால்கோள். நீராட்டித் தூய்மை செய்தல் நீர்ப்படை. அதன்பின் நடுதலும், சிறப்புச் செய்து படைத்தலும், வாழ்த்துதலும் முறையே நிகழும். கண்ணகியார்க்குச் சேரன் செங்குட்டுவன் கல்லெடுத்த வரலாறு கூறும் சிலப்பதிகார வஞ்சிக்காண்டத்துக் காதைகளும் இப்பெயர்களையே பூண்டு நிற்றல் அறிஞர் அறிந்ததே. ஆகவே கல்லை நீராட்டுதல் புதியதொரு செயலன்று. அன்பரும் நண்பரும் ஞாயிறுதோறும் செய்வது ஆயிரமாண்டுகட்கு முன் செய்த நீர்ப்படையை மீளவும் செய்தலேயாம்.

நாட்றம்பள்ளி, ஆம்பூர், வாணியம்பாடி முதலிய ஊர்களை உள்ளடக்கித் திருப்பத்தூர் மாவட்டம் 2019-ஆம் ஆண்டு தனியே பிரிக்கப்பெற்றது. இன்று தோற்றொழிலாற் பேர்பெற்ற இந்நிலப்பகுதி, பண்டு ஆநிரைகளாற் பேர்பெற்றிருந்தது. பல்லவரும் கங்கரும் வாணரும் நுளம்பரும் தம்முள் மாறுபட்டுப் பொருத எல்லைப்புறம் இது. ஒருவர் நாட்டு நிரையை மற்றொருவர் கவர்தலும், அதனை மீட்டற்கு ஊர்மறவர் எழுதலும் இங்கு அடுத்தடுத்து நிகழ்ந்தன. நிரையைக் கல்வெட்டுக்கள் ‘தொறு’ என்று வழங்கும். ஆம்பூரிலுள்ள இரண்டு நடுகற்கள் நிருபதுங்கவர்மனது 26-ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது 9-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், எழுந்தவை. நுளம்பன் படை வந்து ஆமையூர்த் தொறுக்கொண்ட காலத்து எதிர்நின்று பட்டார் பொருட்டு அவை நடப்பெற்றன. ஆமையூரென்பது ஆம்பூரின் பழம்பெயர். அவ்விரு கற்களும் அழிந்திருப்பின் அப்பூசலும், அதில் உயிர் நீத்தார் பெயரும், ஊரின் பழம்பெயர்க்கு ஒரு சான்றும் ஒருங்கே அழிந்திருக்கும்.

தெற்கே சவ்வாது மலைக்கு அப்பாலுள்ள செங்கம் பகுதியில் இத்தகைய கற்கள் பெருந்தொகையாகக் கிடைத்தன. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 1972-ஆம் ஆண்டு அவற்றின் எழுத்துக்களைத் தொகுத்துச் ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் பெயரால் வெளியிட்டது. அவற்றுட் பல வட்டெழுத்திற் பொறிக்கப்பட்டவை. வீரனது காலடியில் கெண்டியும் சிமிழும் செதுக்கப்பெற்றவை. செங்கத்தையடுத்த எடுத்தனூர்க் கல் முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது. எருமைகளைக் காத்து நின்ற ஒரு மறவன் பட்டான் என்றும், கோவிவன் என்னும் அவனது நாய் கள்வர் இருவரைக் கடித்து அவ்விடத்தே காத்து நின்றது என்றும் அது கூறுகின்றது. நாயின் உருவமும் அக்கல்லில் உண்டு. அரசர்க்கு மெய்க்கீர்த்தி வகுத்தல் வழக்காதற்கு நெடுநாள் முன்னரே, ஊரார் ஒரு நாயின் நன்றியைக் கல்லில் எழுதி வைத்தனர். இத்தகைய நன்றியுணர்ச்சி தீட்டாகுமோ?

அன்றியும், எல்லா நடுகற்களின் கீழும் உடல் இருப்பதில்லை. பட்ட இடத்திலோ, ஊர்ப்புறத்திலோ, வழியிலோ பெயர் நிலைத்தற்கென நடப்பட்டவை பல. திருவண்ணாமலை, தருமபுரிப் பக்கங்களில் அவற்றையே வேடியப்பன் என்று பெயரிட்டுப் பொங்கலிட்டு வழிபடுவோர் இன்றும் உளர்.

வீரனை வழிபடுதல் சிவநெறிக்கு மாறன்றோ என்பார்க்கு அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியாரில் விடை கூறியுள்ளார். எத்தெய்வத்தை ஒருவர் வணங்கினும் அத்தெய்வமாய் நின்று அருள்பவர் உமையொருபாகரே என்பதும், பிறந்தும் இறந்தும் துன்புற்றும் வினை செய்தும் வரும் பிற தெய்வங்கட்கு அவ்வருளல் தாமே இயலாது என்பதும் அவர் கருத்து. இதனால் இரண்டு தெளிவாகும். நடுகல்லை முழுமுதற் பொருளெனக் கொள்ளல் பிழை. அங்குப் பொங்கலிடும் எளியாரது அன்பை இகழ்தல் அதனினும் பெரும்பிழை. அவ்வன்பை ஏற்பவன் சிவனே யாதலின்.

இனிப் பள்ளிப்படை. இறந்த அரசர்க்கும் அரசியர்க்கும் நினைவாக எடுக்கப்பெற்ற சிவாலயம் பள்ளிப்படை எனப்படும். வேலூர் மாவட்டத்துக் காட்பாடிக்கு வடக்கே பொன்னையாற்றங்கரையிலுள்ள மேற்பாடி என்னும் ஊர் சைவர் ஒருமுறையேனும் சென்று காணத்தக்கது. ஆற்றூரிற் காலஞ்சென்ற அரிஞ்சய சோழன் பொருட்டு, அவன் பேரனாகிய முதலாம் இராசராசன் அங்கு ‘அரிஞ்சிகை ஈச்சுரம்’ என்னும் கற்றளி எடுப்பித்தான். அவனது 29-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு (கி.பி. 1014) இதனைப் பள்ளிப்படை என்றே வெளிப்படக் கூறுகின்றது. அரிஞ்சயன் அரசாண்டது மிகச் சில காலமே. தன் தந்தையைப் பெற்றவன் பெயர் மறையாதிருத்தல் வேண்டுமென்று, தஞ்சைப் பெருங்கோயில் எடுத்த பெருவேந்தன் தன் வாழ்நாளின் இறுதியில் நினைந்தான் என்பது கருதத்தக்கது.

இராசராசனுக்கு முன்னரும் இவ்வழக்கம் இருந்தது. திருக்காளத்தியை அடுத்த தொண்டைமானாற்றூரில் முதலாம் ஆதித்தன் பொருட்டு அவன் மகன் முதலாம் பராந்தகன் கோதண்டராமேச்சுரம் எடுப்பித்தான்; ஆதித்தேச்சுரம் என்பதும் அதன் பெயர். மாவிரதியர் உள்ளிட்ட பலவகை அடியார்க்கு அமுதளிக்க அங்கு அறக்கட்டளை வைக்கப்பெற்றது. பின்னர் முதலாம் இராசேந்திரன், தன் சிற்றன்னையாகிய பஞ்சவன்மாதேவியார் பொருட்டுப் பழையாறைப் பகுதியில், பட்டீச்சரத்துக்கு அணித்தே, பஞ்சவன்மாதேவீச்சுரம் எடுப்பித்தான். இலகுலீச பண்டிதர் என்னும் சைவாசாரியர் பெயர் அதன் கல்வெட்டிற் காணப்படுகின்றது.

இப்பெயர்களின் அமைப்பை உற்று நோக்குக. அரிஞ்சிகை என்பது இறந்தான் பெயரைப் பற்றியது; ஈச்சுரம் என்பது இறவாதான் இடம். கருவறையுள் எழுந்தருளியிருப்பவன் அரிஞ்சயன் அல்லன், சிவபெருமான். அரசன் பெயர் அவன் திருவடியில் ஒடுங்கி, அவன் பெயரோடு சேர்ந்து நிற்கின்றது. பசு தன்னாற் பிழைக்கமாட்டாது; பதியைச் சார்ந்தே நிலைபெறும் என்னும் சித்தாந்த உண்மையை இதனினும் எளிதாகக் காட்டுவது அரிது. பள்ளிப்படையைச் சுடுகாட்டுக் கோயிலென்று ஒதுக்குவோர் அங்கு எழுந்தருளிய இலிங்கத்தையே ஒதுக்குகின்றனர் என்பதை உணர்தல் வேண்டும்.

சுடுகாடு என்னும் சொல்லும் சைவர்க்கு அஞ்சத்தக்கதன்று. நம்பெருமான் ஆடரங்கமே அது. காரைக்காலம்மையார் திருவாலங்காட்டு ஈமத்தை மூத்த திருப்பதிகங்களிற் பாடி, அங்கேயே ஆடுவான் அடிக்கீழ் அமர்ந்தார். அம்மையார் தலையால் நடந்த பதியென்று திருஞானசம்பந்தர் அதனை மிதிக்க அஞ்சினார் எனச் சேக்கிழார் சுவாமிகள் கூறுவர். பேய்களுக்குரியதென உலகம் வெறுத்த இடத்தைப் பிள்ளையார் மிதிக்கவும் அஞ்சியது அதன் தூய்மை நோக்கியன்றோ?

மூன்றாவது சமாதி. சிவஞானியரது திருமேனியை எரித்தலாகாது, குகை அமைத்து இருத்துதல் வேண்டும் என்பது திருமூலர் கொள்கை. திருமந்திரம் ஏழாந் தந்திரத்துச் ‘சமாதிக் கிரியை’ என்னும் பகுதியில் இதன் முறை வகுக்கப்பட்டுள்ளது. குழியின் ஆழம் ஒன்பது சாண் என்பர் நாயனார். வீட்டின் பக்கம், வழிப்பக்கம், குளக்கரை, ஆற்றிடை, மலர்ச்சோலை, காடு, மலைச்சாரல் என்பன அதற்குத் தக்க இடங்களாம். வரலாறு ஆராய்வார்க்கு இப்பகுதி ஒரு கைவிளக்கு. குளக்கரையிலோ மலைச்சாரலிலோ கோபுரமும் மதிலும் இன்றித் தனித்து நிற்கும் சிறு மேடையும் இலிங்கமும் காணப்படின், பெயரறியா ஞானி ஒருவரது குகையாகவும் அஃதிருக்கலாம் என்று ஐயுற இடமுண்டு. அத்தகைய இடத்தில் புதர் களைதல் குருவழிபாட்டின் ஒரு கூறேயாம்.

இம்மூன்றினையும் நோக்குழி அன்பர் வினாவுக்கு விடை தானே போதரும். திருநாவுக்கரசு சுவாமிகள் கையில் உழவாரப்படை தாங்கிப் பதிதோறும் புல் செதுக்கினார். அவர் பெற்றிருந்த ஞானத்துக்குப் புல் செதுக்குதல் இழிதொழிலாகத் தோன்றவில்லை. பள்ளிப்படையிலும் சமாதியிலும் செய்வது நேரே உழவாரப்பணி; சிவபுண்ணியம். நடுகல்லிற் செய்வது நன்றி மறவாமையாகிய அறம். சிவனை நினைந்து செய்வார்க்கு அதுவும் சிவபுண்ணியமாக முதிரும். பணி முடித்து நீராடித் திருநீறு அணிந்து கோயிலுட் புகுவார்க்குத் தடை யாது?

ஆயினும் அன்பு மிகுதியால் தீங்கு விளைதலும் உண்டாகலின், சில கூறுகின்றோம். கல்லை நின்ற இடத்தினின்று பெயர்க்கற்க. இடமும் ஒரு சான்று. அடியில் அகழற்க; கீழுள்ளவற்றை முறையறியாது எடுத்தல் ஏட்டைக் கிழித்து வாசித்தலை ஒக்கும். எழுத்தை உளியாலும் கம்பியாலும் கீறற்க. அமிலமும் வண்ணமும் சிமிட்டியும் பூசற்க. மஞ்சளும் எண்ணெயும் நாள்தோறும் அப்புதலும் நாளடைவில் எழுத்தை மறைத்துவிடும். நீரும் மெல்லிய நாருமே போதும். நிலத்துக்குரியார் இசைவு பெற்றே புகுக. புதிய கல் காணப்படின் ஊரும் இடமும் குறித்து, நிழற்படம் எடுத்து, வட்டாட்சியர்க்கும் தொல்லியல் துறையார்க்கும் அறிவிக்க. சாலை அகலுங்காலும் வயல் திருந்துங்காலும் இவை துவைகல்லாகவும் வாய்க்காற் பாலமாகவும் மாறுகின்றன. முன்னரே எழுதி வைத்த ஊர்க்கல்லே அப்பொழுது பிழைக்கும்.

வேற்றுச் சமயத்தார் கல்லறைகளையும் அவ்வன்பர்கள் புறக்கணியாதிருப்பாராக. 1749-ஆம் ஆண்டு ஆம்பூர்ப் போரில் முதுநவாபு அன்வருத்தீன் பட்டார். 1806-ஆம் ஆண்டு சூலை 10-ஆம் நாள் வேலூர்க் கோட்டையில் இருதிறத்தாரும் மாண்டனர். மண்ணுட் சென்ற பின் அவர்க்குப் பகையில்லை. நமக்கும் இருத்தல் தகாது. யாக்கை நிலையாதென்று நாள்தோறும் ஓதும் நாம், நிலையாத யாக்கையைக் கொண்டு நிலைத்த அன்பைச் செய்து காட்டினார் அனைவரையும் போற்றுதலே முறை.

அஞ்சி நின்றுவிட்ட அந்நண்பர்க்கு இதனைக் காட்டுமாறு அன்பரை வேண்டுகின்றோம். கடிந்துரைத்த பெரியோரையும் வெறாது, ஒரு ஞாயிறு உடனழைத்துச் சென்று, கழுவிய கல்லில் எழுத்துத் தெளியும் பொழுதில் அவரைக் கொண்டே அதனை வாசிப்பிப்பாராக. தம்மூர்க்காக உயிர் நீத்தான் ஒருவன் பெயரைத் தம் வாயால் ஒருமுறை சொன்னவர் பின்னர் அதனைத் தீட்டென்று கூறார். திருவருள் முன்னிற்க.

திருச்சிற்றம்பலம்