சுக்கோத் (கூடாரப் பண்டிகை)

சுக்கோத் யூதர்களின் அறுவடை விழா. எபிரேய நாட்காட்டியின் திஷ்ரி மாதம் 15ஆம் நாள் தொடங்கி ஏழு நாள் நடக்கும்; நம் கணக்கில் செப்டம்பர் பிற்பகுதியிலோ அக்டோபரிலோ வரும். ‘சுக்கா’ என்றால் குடில், அதன் பன்மை சுக்கோத். தமிழ் விவிலியம் இதைக் கூடாரப் பண்டிகை என்கிறது. பஸ்கா, வாரங்களின் பண்டிகை ஆகியவற்றோடு சேர்த்து, பண்டைக் காலத்தில் எருசலேமுக்கு யாத்திரை போக வேண்டிய மூன்று விழாக்களுள் இது ஒன்று.

யூத வழிபாட்டு நூல்கள் இவ்விழாவுக்கு ‘நம் மகிழ்ச்சியின் காலம்’ என்று பெயர் சூட்டியிருக்கின்றன. யூத வேதமான தோராவில் சுக்கோத்தைப் பற்றிப் பேசும் இடங்களில் மகிழ்ந்திருக்கும்படி மூன்று முறை கட்டளை வருகிறது. பஸ்காவுக்கு ஒருமுறைகூட அப்படி வரவில்லை என்பதைப் பழைய உரையாசிரியர்கள் கவனித்துச் சொல்லியிருக்கிறார்கள். மகிழ்ச்சிக்கு வெளிப்படையான காரணங்கள் உண்டு. களத்துத் தானியமும் ஆலைத் திராட்சைரசமும் வீடு சேர்ந்துவிட்டன. ஐந்து நாள் முன்புதான் பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூரின் நோன்பு முடிந்து, பாவச்சுமையும் இறங்கியிருக்கிறது.

ஆனால் களஞ்சியம் நிறைந்த அந்த வேளையில்தான் வீட்டைவிட்டு வெளியேறி ஓலைக் குடிலில் தங்கச் சொல்கிறது சட்டம். விழாவின் உட்பொருள் இங்கேதான் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு உரையாசிரியர் ரஷ்பாம் இதற்குத் தரும் விளக்கம் நேரானது: விளைச்சலையும் வீட்டையும் பார்த்து, எல்லாம் என் கைவண்ணம் என்று நெஞ்சு நிமிர்ந்துவிடக் கூடாது, வீடில்லாமல் பாலைவனத்தில் அலைந்த முன்னோரை அப்போது நினைக்க வேண்டும். அந்த முன்னோர் எகிப்திலிருந்து வெளியேறியது வசந்தத்தில். அப்படியிருக்க விழா ஏன் இலையுதிர் காலத்தில்? வெயில் காலத்தில் நிழலுக்காக எவரும் பந்தல் போடுவார்கள், குளிரும் மழையும் நெருங்கி மற்றவர்கள் வீட்டுக்குள் திரும்பும்போது வெளியே வருவதுதான் கட்டளைக்காகச் செய்வது என்று விடை சொன்னார் 14ஆம் நூற்றாண்டின் சட்ட அறிஞர் யாக்கோபு பென் ஆஷேர்.

குடிலின் கூரைக்கு விதிகள் கடுமையானவை. மண்ணில் விளைந்து, வெட்டி எடுக்கப்பட்ட ஓலை, கிளை, நாணல் போன்றவற்றால் வேய வேண்டும். உள்ளே வெயிலைவிட நிழல் மிகுந்திருக்க வேண்டும். ஆயினும் இரவில் விண்மீன்கள் தெரியும்படி இடைவெளி விடுவது நல்ல வழக்கம். மரத்தடியில் கட்டினால் செல்லாது. ஏழு நாளும் உணவு அங்கேதான். இயன்றவர்கள் அங்கேயே உறங்குவார்கள். பெருமழை வந்து கஞ்சி கெட்டுப்போகும் அளவுக்கு ஒழுகினால் வீட்டுக்குள் போகலாம் என்கிறது பண்டைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா. குடிலில் இருப்பது வேதனை தந்தால் அக்கடமையே இல்லை என்பது மிஷ்னாவின் விரிவுரையான தல்மூத்தின் தீர்ப்பு. மகிழ்ச்சியின் விழாவில் உடலை வருத்திக்கொள்வதற்கு இடமில்லை.

அந்தக் குடில் எதை நினைவூட்டுகிறது என்பதில் இரண்டாம் நூற்றாண்டு ரபிகளிடையே (யூத மத அறிஞர்களிடையே) கருத்து வேறுபாடு உண்டு. பாலைவனத்தில் இஸ்ரவேலரைச் சூழ்ந்து காத்த இறைவனின் மேகங்களை என்றார் ஒருவர். மெய்யான குடில்களைத்தான் என்றார் மற்றவர். இரண்டையும் சேர்த்தே மரபு வைத்துக்கொண்டது: கூரை மெலிந்தது, காவல் வலியது.

விழாவின் மற்றோர் அடையாளம் நான்கு தாவரங்கள். நார்த்தை இனத்துக் கனியான எத்ரோக், பேரீச்சங்குருத்து, மூன்று மிருதுச்செடிக் கிளைகள், இரண்டு ஆற்றலரிக் கிளைகள் ஆகியவற்றைச் சேர்த்துப் பிடித்து ஆறு திசைகளிலும் அசைப்பார்கள். ஓய்வுநாளில் மட்டும் அசைப்பதில்லை. எத்ரோக்குக்குச் சுவையும் மணமும் உண்டு. பேரீச்சுக்குச் சுவை மட்டும், மிருதுவுக்கு மணம் மட்டும், அலரிக்கு இரண்டுமில்லை. சுவை கல்விக்கும் மணம் நற்செயலுக்கும் உவமை என்று பழைய விவிலிய விளக்கமான மித்ராஷ் விரித்துரைக்கிறது. ஒன்றுமில்லாத அலரியை விட்டுவிட்டால் கட்டளை நிறைவேறாது என்பதுதான் அந்த உவமையின் அழகு.

கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் இடிக்கப்படும்வரை, இவ்விழாவில் சீலோவாம் குளத்து நீரைப் பொற்குடத்தில் கொண்டுவந்து பலிபீடத்தில் ஊற்றினார்கள். இரவெல்லாம் பெரும் விளக்குகள் எரிந்தன. குருக்களின் பழைய உடைகளே அவற்றுக்குத் திரி. மதிப்பு மிக்க அறிஞர்களும் தீப்பந்தங்களை வீசிப் பிடித்து ஆடினார்கள். ஏழு நாளில் பலியான 70 காளைகளும் உலகின் 70 இனங்களுக்காக என்று தல்மூத் கணக்கிடுகிறது. தம் களத்து விளைச்சலுக்கு நன்றி சொல்ல வந்தவர்கள் உலகம் முழுவதற்கும் வேண்டிக்கொண்டார்கள்.

பிற்கால யூத மறைஞானம் ஆபிரகாம் முதல் தாவீதுவரை ஏழு முன்னோரை இரவுக்கு ஒருவராகக் குடிலுக்கு அழைக்கும் வழக்கத்தைச் சேர்த்தது. காணாத விருந்தினரை அழைப்பவர் கண்ணெதிரே இருக்கும் ஏழையையும் அழைக்க வேண்டும். இதில் இடைக்கால யூதச் சட்ட அறிஞர் மைமோனிடீஸ் இளக்கம் காட்டவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, வறியவருக்கு ஈயாமல், தன் குடும்பத்தோடு மட்டும் உண்டு குடிப்பவனின் களிப்பைக் கட்டளையின் மகிழ்ச்சியாக அவர் ஏற்கவில்லை. அதை வயிற்றின் மகிழ்ச்சி என்று தள்ளிவிட்டார்.

ஏழு நாள் முடிந்ததும் வரும் எட்டாம் நாள் தனி விழா. அன்று மழைக்கான வேண்டல் ஓதப்படும். ஆயினும் இஸ்ரேலில் அன்றாடத் தொழுகையில் மழையை நேராகக் கேட்பது திஷ்ரிக்கு அடுத்த மார்ஹெஷ்வான் மாதம் 7ஆம் நாள்தான் தொடங்குகிறது. விழாவுக்கு எருசலேம் வந்தவர்களுள் மிகத் தொலைவிலிருந்து வந்தவரும் நனையாமல் யூப்ரடீஸ் ஆற்றங்கரை போய்ச் சேர வேண்டும் என்று மிஷ்னா காலத்தில் விடப்பட்ட தவணை அது. இன்றும் அப்படியே கடைப்பிடிக்கப்படுகிறது.