காரைக்கால் வண்டலின் அடியில்

1739இல் தஞ்சை மராட்டிய மன்னரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் பெற்று 1954 வரை ஆண்ட காரைக்கால், அரசலாறு கடலில் கலக்குமிடத்தில் அமைந்த, குன்றோ கற்பாறையோ எங்கும் தலைகாட்டாத வண்டல் சமவெளியாகும். ஆறுகள் கொணர்ந்த மணலும் களிமண்ணும் நிலம் முழுவதையும் மூடிக் கிடப்பதால், அரியலூரில் வெயிலில் தென்படும் புதைபடிவங்களைப் போன்றவை இங்கே கிட்டவேண்டுமாயின் மண்ணைத் துளைத்தே ஆகவேண்டும்.

அவ்வாறு நிலத்தடியிலிருந்து வெளிவந்த கடற்சிப்பிகளையும் சங்குகளையும் மொரீஸ் கோஸ்மான் என்னும் பிரெஞ்சு அறிஞர் ஆராய்ந்து, ஏறத்தாழ 53 முதல் 26 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்ட பிளையோசீன் காலத்தவை எனக் கணித்து, 1900, 1903, 1910 ஆகிய ஆண்டுகளில் கட்டுரைகளாக வெளியிட்டார். இவர் தொழிலால் ரயில்வே பொறியாளர். ஓய்வு நேர ஆர்வமே இந்தச் சிற்றூரின் பெயரை இந்திய நிலவியல் நூல்களில் 'காரைக்கால் படிவுகள்' என்று பதியச் செய்தது. குடியேற்ற அரசு இவ்வூருக்குச் செய்த பல காரியங்களைவிட இது நீடித்து நின்றது எனலாம்.

அச்சிப்பிகள் காட்டியது மேலடுக்கை மட்டுமே. அதற்கும் அடியில் உள்ளவற்றை அறியும் முயற்சி விடுதலைக்குப் பின் எண்ணெய்த் தேடலோடு தொடங்கி, காரைக்காலை உள்ளடக்கிய காவிரிப் படுகையின் முதல் ஆழமான ஆய்வுக் கிணறு 1964இல் தோண்டப்பட்டது. அத்தேடல் காட்டிய வரலாறு இது: ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன் கோண்டுவானா என்னும் பெருங்கண்டம் பிளவுறத் தொடங்கி, இந்தியா அண்டார்க்டிக்காவிலிருந்து விலகியபோது, புவியின் திண்மையான மேலோடு இழுபட்டு விரிந்து, அதில் நேர்ந்த பிளவுகள் வழியே சில பாறைத் துண்டுகள் கீழிறங்க, சில உயர்ந்தே நின்றன. இறங்கிய பள்ளங்களில் சில கிலோமீட்டர் தடிமனுக்குப் படிவுகள் சேர்ந்தன. உயர்ந்து நின்றவற்றுள் ஒன்று, இன்று மண்ணுக்குள் புதைந்து கிடக்கும் 'காரைக்கால் மேடு' ஆகும். அதன் இருபுறமும் தரங்கம்பாடிப் பள்ளமும் நாகப்பட்டினப் பள்ளமும் அமைந்துள்ளன. புதையுண்ட உயிர்ப்பொருள்கள் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் எண்ணெயாகவும் எரிவாயுவாகவும் மாறிய இப்பள்ளங்களால்தான் ஓ.என்.ஜி.சி. நிறுவனத்தின் காவிரிப் படுகை அலுவலகம் காரைக்காலை அடுத்த நிரவியில் இயங்குகிறது.

ஒருகாலத்தில் கண்டங்கள் கிழிந்த விளிம்பாக இருந்த இக்கரையோரம், இப்போது இந்தியத் தட்டின் உட்பகுதியேயாகும். புவியோட்டுத் தட்டுகள் ஒன்றின்கீழ் ஒன்று புகும் எல்லை, ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் அந்தமான்–சுமாத்திராப் பகுதியில் உள்ளது. 2004 டிசம்பர் 26 காலையில் அங்கே நேர்ந்த பெருநிலநடுக்கம் எழுப்பிய ஆழிப்பேரலை, சில மணி நேரத்திற்குள் காரைக்கால் மீனவ ஊர்களை வந்தடைந்து நூற்றுக்கணக்கானோரைப் பலிகொண்டது.