பாலைவனம் காக்கும் சுவடுகள்

பாலைவனம் என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது என்ன? கொதிக்கும் மணல், தகிக்கும் வெயில், எங்கோ ஓர் ஒட்டகம் - இவைதானே? எதற்கும் பயன்படாத நிலம் என்றே நம்மில் பலர் அதை எண்ணுகிறோம். அத்தகைய நிலத்தைப் பூங்கா என்று அறிவித்து ஓர் அரசு காத்து வருகிறது என்றால் வியப்பாக இல்லையா? வாருங்கள், அப்பூங்காவை ஒருமுறை சுற்றி வருவோம்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான் டியாகோ நகருக்கு வடகிழக்கே உள்ளது ஆன்சா-பொரேகோ பாலைவன மாநிலப் பூங்கா. 1930-களின் தொடக்கத்தில் அமைக்கப்பட்ட இதன் பரப்பு 6 இலட்சம் ஏக்கருக்கும் மேல். அம்மாநில அரசின் பூங்காக்களுள் இதுவே மிகப் பெரியது. ஆன்சா என்பது ஒரு படைத்தலைவரின் பெயர். பொரேகோ என்றால் ஸ்பானிய மொழியில் ஆட்டுக்குட்டி. வளைந்த பெரிய கொம்புகளை உடைய காட்டுச் செம்மறியாடுகள் இங்குள்ள மலைகளில் வாழ்கின்றன.

முதலில் பிளேர் பள்ளத்தாக்குக்குச் செல்வோம். அங்குள்ள கருங்கற் பாறைகளைக் குனிந்து பாருங்கள். நம் வீட்டு உரலில் உள்ளது போன்ற குழிகள் தெரிகின்றன அல்லவா? குமேயாய் என்னும் பழங்குடி மக்கள் விதைகளை இடித்து மாவாக்கிய இடம் இது. தலைமுறை தலைமுறையாக இடித்ததால் பாறையே குழிந்துவிட்டது. அம்மக்களின் வழிவந்தோர் இன்றும் அப்பகுதியில் வாழ்கின்றனர்.

அடுத்து, வடக்கே உள்ள கயோட்டி பள்ளத்தாக்கு. 1775-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். ஆண்கள், பெண்கள், குழந்தைகள் என ஏறத்தாழ 240 பேரை அழைத்துக்கொண்டு ஹுவான் பௌடிஸ்டா தெ ஆன்சா இவ்வழியே சென்றார். கடுங்குளிரில் கால்நடைகள் பல மடிந்தன. கிறிஸ்துமசுக்கு முந்திய இரவு, இப்பள்ளத்தாக்கில் ஒரு பெண் குழந்தை பெற்றாள். இவ்வாறு நடந்து சென்றவர்களுள் பலரே 1776-இல் சான் பிரான்சிஸ்கோவில் முதலில் குடியேறிய ஸ்பானியர்.

மீண்டும் தெற்கே வருவோம். பிளேர் பள்ளத்தாக்குக்கு அருகில் 'பெட்டிக் கணவாய்' எனப் பொருள்படும் குறுகிய வழி ஒன்று உள்ளது. 1847-இல், மெக்சிகோவுடன் நடந்த போரின்போது, ஓர் அமெரிக்கப் படை வண்டிகளுடன் இங்கு வந்து சேர்ந்தது. வண்டி நுழைய வழி போதவில்லை. ஓர் அடி குறைந்தது. வீரர்கள் கோடரிகளால் பாறையைச் செதுக்கியே வழியை அகலமாக்கினர். பின்னர் 1858 முதல் 1861 வரை அஞ்சல் குதிரை வண்டிகளும் இக்கணவாய் வழியாகவே ஓடின. அந்தப் பழைய தடத்தை இன்றும் நாம் கண்ணால் காணலாம்.

இத்தனை சுவடுகளும் அழியாமல் இருப்பது எப்படி? காரணம் எளியது. மழை மிகுந்த நாட்டில் புல்லும் புதரும் வளர்ந்து பழைய தடங்களை மூடிவிடும், வெள்ளம் அரித்துவிடும், உழவர் உழுதுவிடுவர். பாலையில் மழை குறைவு. செடிகள் வளர்வதும் மிக மெதுவாகவே. ஆகவே, வரலாறு திறந்த புத்தகமாகக் கிடக்கிறது.

ஆனால், இதே குணத்தில்தான் ஆபத்தும் இருக்கிறது. பாலையின் மேற்பரப்பில் கூழாங்கற்களும் நுண்ணுயிர்களும் சேர்ந்த மெல்லிய தோல் போன்ற படலம் உண்டு. ஒரு வண்டிச் சக்கரம் ஏறினால் அது நொறுங்கும். மீண்டும் உருவாகப் பல ஆண்டுகள் ஆகும். 1942-இல் கலிபோர்னியாவின் மொகாவே பாலைவனத்தில் போர்ப் பயிற்சிக்காக டாங்கிகள் ஓட்டப்பட்டன. 80 ஆண்டுகளுக்குப் பிறகும் அவற்றின் தடங்கள் அங்கு மறையவில்லை! முன்னோரின் சுவட்டைக் காக்கும் அதே மண், நாம் செய்யும் காயத்தையும் மறப்பதில்லை.

ஆகவேதான் இப்பூங்காவில் வண்டிகள் பாதையை விட்டு விலகக்கூடாது என்பது விதி. கல்லையோ பூவையோ எடுத்துச் செல்லவும் தடை உண்டு. காட்டுச் செம்மறியாடுகளும் மனிதரின் பரிவை நாடி நிற்கின்றன. இங்கு வாழும் இனம் அழியும் நிலையில் உள்ளதாக 1998-இல் அமெரிக்க அரசு அறிவித்தது.

நீங்கள் எந்தப் பாலைவனத்துக்குச் சென்றாலும் குளிர்காலத்தில் செல்லுங்கள். கோடையில் ஆன்சா-பொரேகோவின் வெப்பம் 43 டிகிரி செல்சியசையும் தாண்டும். போதிய குடிநீரை மறவாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, காலடி வைக்குமுன் ஒரு கணம் நில்லுங்கள். 200 ஆண்டுகளுக்குப் பின் வருபவர் காணப்போவது ஆன்சாவின் வழியையா, நம் வண்டிச் சக்கரத்தின் வடுவையா? அதை முடிவு செய்வது நம் கால்களே!