மருத்துவச்சி பாட்டி முதல் வீடு தேடி வரும் மாத்திரை வரை

எங்கள் அம்மாவுக்கு அஞ்சு பிரசவமும் வீட்டில்தான். மருத்துவச்சி பாட்டி பழைய பிளேடால் தொப்புள்கொடி அறுப்பாராம். ஒரு அக்கா பத்தே நாளில் ஜன்னி கண்டு போய்விட்டாள். அம்மா இன்னும் அவள் பேரைச் சொல்வார்.

நாடு முழுக்க ரொம்ப காலம் அப்படித்தான். 2005-06 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில்கூட நூற்றுக்கு 39 பிரசவம்தான் ஆஸ்பத்திரியில். 2019-21ல் அது 89. தமிழ்நாடு முந்திக்கொண்டது, இங்கே 2005லேயே 88 வரை வந்துவிட்டோம். முத்துலட்சுமி ரெட்டி பேரில் பண உதவி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் ராத்திரியும் நர்சு, 2008ல் 108 வண்டி. என் இரண்டு பிள்ளைகளும் அங்கேதான் பிறந்தார்கள்.

பிள்ளை பெறப் போனோம். நமக்கு நோவு என்றால் போனோமா? தலைசுற்றினால் கஷாயம், இல்லாவிட்டால் மருந்துக்கடையில் ரெண்டு மாத்திரை. அன்றைய கூலி போய்விடுமே!

2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் வந்தது. வீட்டுக்கு வந்து பார்க்க மகளிர் குழுக்களிலிருந்தே ஆள் எடுத்தார்கள். எங்கள் குழு அக்கா மாதாமாதம் வந்து மாமியாருக்கு மாத்திரை கொடுப்பார். என்னைக் கூப்பிட்டால், "அப்புறம் பாக்கலாம்க்கா" என்று அடுப்படியிலேயே நிற்பேன். போன மாதம் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். பிரஷர் 160 இருந்தது.