வசந்தகுமார், எச்.

எச். வசந்தகுமார் (14 ஏப்ரல் 1950 – 28 ஆகஸ்ட் 2020): வசந்த் அண்ட் கோ வீட்டு உபயோகப் பொருள் கடைகளின் நிறுவனர், காங்கிரஸ் அரசியல்வாதி. பிறந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டம் அகஸ்தீஸ்வரம். பேச்சாளரும் அரசியல் தலைவருமான குமரி அனந்தன் இவருடைய அண்ணன்.

பிழைப்புத் தேடிச் சென்னை வந்து, வி.ஜி.பி. நிறுவனத்தில் விற்பனையாளராகச் சேர்ந்தார். மாதத் தவணைக்குப் பொருள் வாங்கத் தமிழ்நாட்டைப் பழக்கிய நிறுவனம் அது. தவணை வியாபாரத்தில் பொருளை விற்பது பாதி வேலைதான். யாரை நம்பிக் கொடுக்கலாம் என்று முகம் பார்த்துக் கணிப்பதும், மாதம் பிறந்ததும் மனம் கோணாமல் பாக்கியை வசூலிப்பதுமே மீதி. பிற்காலத்தில் வாக்குக் கேட்டுப் போனபோதும் இந்தப் பயிற்சி வீண்போகவில்லை என்றே சொல்ல வேண்டும்.

1978இல் தி. நகரில் சொந்தக் கடை திறந்தார். காலம் கைகொடுத்தது. சென்னைத் தொலைக்காட்சி 1975இல்தான் தொடங்கியிருந்தது. வடபழனி, அசோக் நகர், கே.கே. நகர்ப் பக்கம் மாதச் சம்பளக் குடும்பங்கள் பெருகிவந்தன. 1982இல் வண்ண ஒளிபரப்பு வந்தபின் டி.வி. வீட்டுக்கு வீடு ஆசையாயிற்று. நடிகர்களின் முகத்தைக் காட்டி விற்பது வழக்கமாயிருந்த ஊரில், இவர் தம் சிரித்த முகத்தையே விளம்பரத்தில் போட்டார். கிளைகள் கேரளம், புதுச்சேரி வரை பரவின. 2008இல் வசந்த் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது.

அரசியலில் ஏற்றம் இவ்வளவு சீராக இல்லை. நாங்குநேரி சட்டமன்றத் தொகுதியில் 2006இல் வென்றார், 2011இல் தோற்றார், 2016இல் மீண்டும் வென்றார். 2014 மக்களவைத் தேர்தலில் காங்கிரஸ் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளிலும் தோற்றது. கன்னியாகுமரியில் நின்ற இவர், தி.மு.க., அ.தி.மு.க. இரண்டையும் பின்னுக்குத் தள்ளி இரண்டாமிடம் பிடித்தார். அப்போது தம்மை வென்ற பா.ஜ.க.வின் பொன். ராதாகிருஷ்ணனை 2019இல் 2,59,933 வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்தார். அந்தத் தேர்தலுக்கான வேட்புமனுவில் காட்டிய சொத்து 400 கோடி ரூபாய்க்கு மேல். அதே தேர்தலில் அண்ணன் மகள் தமிழிசை சௌந்தரராஜன் தூத்துக்குடியில் பா.ஜ.க. வேட்பாளராக நின்று தோற்றார்.

கொரோனா தொற்றுக்குச் சென்னையில் சிகிச்சை பெற்றுவந்தபோது காலமானார். 2021 இடைத்தேர்தலில் மகன் விஜய் வசந்த் கன்னியாகுமரியில் வென்றார்.