சுமைதாங்கியின் உயரம்

திண்டிவனம் என்ற பெயருக்குப் புளியங்காடு என்று பொருள். வடமொழியில் புளிக்குத் திந்திரிணி என்று பெயர். அந்தத் திந்திரிணி வனத்தில் எழுந்தருளிய ஈசனுக்குத் திந்திரிணீசுவரர் என்ற திருநாமம் வழங்கி, வனம் ஊராகி, ஊர் நகரமாகி, அந்த நகரம் இன்று சென்னையிலிருந்து தெற்கே விரைகிறவர்களுக்குக் கண்மூடித் திறப்பதற்குள் கடந்துபோகும் ஒரு மேம்பாலமாகச் சுருங்கிவிட்டது. மரத்தின் பெயரால் விளங்கும் ஊரை மரநிழல் விழாத ஒரு பாலத்தின் மேலேறிக் கடக்கும்போதெல்லாம், இந்தச் சாலை யாருக்காகப் போடப்பட்டது, யார் யார் இதில் நடந்தார்கள் என்ற எண்ணம் எனக்கு எழாமல் இருந்ததில்லை.

வழி என்பதே நம்முடைய முன்னோருக்கு நடக்கிறவனுடைய சொத்தாக இருந்தது. பெருவழி என்று கல்வெட்டுகள் குறிப்பிடும் ராஜபாட்டைகளில் சேனைகளும் வணிகச் சாத்துகளும் சென்றன என்பது உண்மையே. ஆயினும் அவற்றின் ஓரங்களில் செய்யப்பட்ட தர்மங்களை ஆராய்ந்து பார்த்தால், அவை பெரும்பாலும் காலால் நடந்தவனை, அதிலும் களைத்தவனை மனத்தில் வைத்தே செய்யப்பட்டவை என்பது விளங்கும். தருமபுரி வட்டாரத்தில் 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த காதக்கல் ஒன்று கிடைத்திருக்கிறது. அதியமான் பெருவழியில் நாவற்தாவளம் என்னும் இடத்துக்கு இன்னும் 29 காதம் இருக்கிறது என்பதை அது எழுத்தில் சொல்வதோடு நிற்கவில்லை. இரண்டு பெரிய குழிகளையும் ஒன்பது சிறிய குழிகளையும் கல்லில் குடைந்து, எழுத்தறியாதவனும் விரலால் தடவித் தொகையைத் தெரிந்துகொள்ளும்படி செய்திருக்கிறது. பெரிய குழி ஒன்றுக்குப் பத்து, சிறியதற்கு ஒன்று. அந்தக் கல்லை நாட்டியவர், அந்த வழியே வரப்போகிற மனிதர்களில் படிக்கத் தெரியாதவர்களே அதிகம் என்பதை நினைத்திருக்கிறார். எல்லா வகைப் பிரயாணிகளுக்கும் தெருக்களை அமைப்பது என்று இக்காலத்து நிபுணர்கள் பேசுவதன் சாரம் முழுவதும் அந்தப் பதினொரு குழிகளில் அடங்கியிருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

சாலையோர மரம், கிணறு, சத்திரம், கோடையில் தண்ணீர்ப்பந்தல் என்று அந்தத் தர்மங்கள் பலவகைப்படும். அவற்றில் என் மனத்தை மிகவும் கவர்ந்தது சுமைதாங்கிதான். நிறுத்திய இரண்டு கருங்கற்களின் மேல் குறுக்கே கிடத்திய ஒரு பலகைக்கல்; அவ்வளவே அதன் அமைப்பு. தலையில் சும்மாடு வைத்து அதன்மேல் கூடையோ மூட்டையோ சுமந்து காத தூரம் நடந்து வருகிற ஒருத்திக்கு, சுமையை இறக்க வேண்டுமானாலும் மறுபடி ஏற்ற வேண்டுமானாலும் இன்னொருவர் கை வேண்டும். ஆள் நடமாட்டமில்லாத வழியில் அந்தக் கைக்கு அவள் எங்கே போவாள்? தலையைச் சற்றே சாய்த்தால் சுமை கல்லின் மேல் நகர்ந்து உட்காரும். இளைப்பாறிய பின் குனிந்து தலையைக் கொடுத்தால் மறுபடி ஏறிக்கொள்ளும். கருவுற்ற நிலையில் இறந்துபோன பெண்ணின் நினைவாக, அவள் இறக்கி வைக்காமலே கொண்டுபோன சுமைக்குப் பரிகாரமாக, வீட்டார் இதை நாட்டுவது வழக்கம். ஒரு வீட்டின் துக்கத்தை ஊர் பேர் தெரியாத வழிப்போக்கர்களின் சௌகரியமாக மாற்றிய இந்த வழக்கத்துக்கு ஈடான ஒன்றை நான் அறியேன். அந்தக் கல்லின் உயரத்தை எந்த இலாகாவும் வகுத்துத் தரவில்லை. சுமந்து வருகிறவளின் உடம்பே அதற்கு அளவுகோலாக இருந்தது.

ஊருக்குள்ளே அந்த அளவுகோலைத் தேர் வைத்திருந்தது. தேரோடும் வீதி என்றால் தேர் நிலை பெயர்ந்து, வடம் பிடிக்கிற நூற்றுக்கணக்கானவர்களோடு மூலை திரும்பி, மறுபடி நிலைக்கு வர வேண்டிய வீதி. ஆகவே ஆண்டுக்கொருமுறை திண்ணை நீட்டியவர்கள் திண்ணையைக் குறைத்தார்கள், பந்தல் போட்டவர்கள் பந்தலைப் பிரித்தார்கள், பள்ளங்கள் நிரவப்பட்டன. வீதியின் அகலத்தைச் சுவாமியே வருஷந்தோறும் வந்து அளந்துவிட்டுப் போனார் என்று சொல்வது மிகையாகாது.

பதினெட்டாம் நூற்றாண்டில் திண்டிவனத்தைச் சுற்றியுள்ள இந்தப் பிரதேசம் பட்ட பாட்டை விரித்துரைக்க இங்கே இடமில்லை. செஞ்சிக்கும் புதுச்சேரிக்கும் இடையே படைகள் போவதும் வருவதுமாக இருந்து, 1760-இல் வந்தவாசிப் போரோடு பிரெஞ்சுக்காரரின் கை தாழ்ந்தது. பின்னர் கம்பெனியாரின் சாலைகள் வந்தன, மைல்கற்கள் வந்தன. மணிலாக்கொட்டை என்று எழுதி மல்லாட்டை என்று இப்பக்கத்து ஜனங்கள் சொல்லும் வேர்க்கடலை இந்தச் செம்மண்ணில் செழித்து, பாரவண்டிகளில் ஏறிப் புதுச்சேரித் துறைமுகம் சென்று, அங்கிருந்து கப்பலில் மார்செய் நகரத்துக்குப் போயிற்று. அச்சுக்குக் கீழே லாந்தர் ஆட, வண்டிக்காரன் தூங்க, வழி தெரிந்த மாடுகள் தாமாகவே நடக்க, பத்துப் பதினைந்து வண்டிகள் இரவெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும் சாலையில், எதிரே நடந்து வருகிறவன் ஒதுங்குவதற்கு அவகாசம் இருந்தது. வேகம் என்பது மாட்டின் வேகத்தைத் தாண்டாத வரையில் சாலைக்கு ஓரம் என்ற ஒன்று தனியாகத் தேவைப்படவில்லை.

ரயில் வந்தபோதுதான் திண்டிவனத்துக்குத் தெற்கேயுள்ள விழுப்புரத்தின் விதி மாறிற்று. 1879-இல் புதுச்சேரிக்குக் கிளைப்பாதை திறக்கப்பட்டது. பிற்பாடு காட்பாடிக்கும் ஒரு கிளை பிரிந்து, சென்னை, திருச்சி, மாயவரம் என்று ஐந்து திசைகளிலிருந்தும் ஜனங்களைக் கொண்டுவந்து இறக்கும் சந்திப்பாக அந்த ஊர் ஆயிற்று. ஸ்டேஷன் வாசலில் ஜட்காக்கள், கூலிக்காரர்கள், சத்திரத்துக்கு வழி கேட்கும் யாத்திரிகர்கள், 1919-இல் நகராட்சி. ஆனால் அதே ரயில் ஊரை இரண்டாக அறுத்தும் வைத்தது. இன்றைக்கும் கீழ்ப்பெரும்பாக்கம் சுரங்கப்பாதையில் மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும்போது, தண்டவாளத்துக்கு அப்பாலுள்ளவர்கள் பள்ளிக்கும் கடைக்கும் வர என்ன பாடுபடுகிறார்கள் என்பதை விழுப்புரத்துக்காரர்கள் அறிவார்கள்.

அதன்பின் சைக்கிள் வந்தது. நகராட்சிக்குக் கட்டணம் செலுத்தி வில்லை வாங்கிப் பொருத்திக்கொண்டு, இருட்டினால் விளக்கேற்றிக்கொண்டு போக வேண்டிய காலம் அது. விளக்கில்லாமல் போலீஸ்காரரிடம் அகப்பட்டவர்கள் இரண்டு தலைமுறையில் ஏராளம். 1975-இல் விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் ஏற்பட்ட பிறகு, நடந்தும் வண்டி கட்டியும் வந்த கிராமத்தார் பேருந்தில் வரத் தொடங்கினார்கள். அதை நான் மனமார வாழ்த்துகிறேன். இந்த மாவட்டத்தில் பெண்களை ஊரை விட்டு வெளியே வரச் செய்ததில் பேருந்துக்கு ஈடாக வேறெதையும் சொல்ல முடியாது. 2021 மே மாதம் முதல் நகரப் பேருந்துகளில் மகளிருக்குக் கட்டணமில்லை என்றான பிறகு அது இன்னும் பெருகியிருக்கிறது.

ஆனால் சாலை நான்கு வழியாக அகன்றபோது, ஓரத்துப் புளியமரங்கள் வரிசை வரிசையாகச் சாய்க்கப்பட்டன. ஊருக்குள் லாரிகள் நுழையாமல் புறவழியில் போவது நல்லதே; நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். என் வருத்தமெல்லாம், அப்படி விடுபட்ட உள்ளூர் வீதிகள் யாருக்குத் திருப்பிக் கொடுக்கப்பட்டன என்பதைப் பற்றியது. விழுப்புரத்தில் நேருஜி ரோட்டில் பொழுது சாயும் வேளையில் நடந்து பாருங்கள்: கடைப்பலகைகள், அவற்றுக்கு முன்னே நிறுத்திய மோட்டார் சைக்கிள்கள், அவற்றுக்கும் முன்னே ஆட்டோக்கள், இவற்றையெல்லாம் சுற்றிக்கொண்டு நடுவீதியில் இறங்கி நடக்கும் தாய்மார்கள். முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வரும் நோயாளிகளும் அவர்களுக்குத் துணை வருபவர்களும், நெடுஞ்சாலையின் இரைச்சலில்தான் வந்து இறங்குகிறார்கள்.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. கோபன்ஹேகன் நகரம் 1962-இலேயே தன் பிரதான கடைவீதியை நடப்பவர்களுக்கென்று ஒதுக்கிற்று. நமது சென்னை மாநகராட்சி 2014-இல் நடப்பவர்களுக்கும் சைக்கிள் மிதிப்பவர்களுக்கும் முதலிடம் தரும் கொள்கை ஒன்றை ஏற்றது. 2019-இல் பாண்டி பஜாரின் நடைபாதைகள் விஸ்தாரமாகத் திறக்கப்பட்டன. நடைபாதையில் தடையின்றி நடக்கும் அகலம் 1.8 மீட்டருக்குக் குறையக்கூடாது, அதன் விளிம்பு 150 மில்லிமீட்டருக்கு மேல் உயரக்கூடாது என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்திருக்கிறது. முழங்கால் நோகும் கிழவியும் சக்கர நாற்காலியில் வருபவரும் அந்த அளவுகளுக்குள் இருக்கிறார்கள். சுமைதாங்கியை அளந்த அதே மனம் இந்த இலக்கங்களிலும் இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

தலைநகரத்துக்கு வந்தது சந்திப்பு நகரத்துக்கும் வர வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. பௌர்ணமிதோறும் திருவண்ணாமலை கிரிவலத்துக்குப் போகிறவர்களும், அமாவாசைதோறும் மேல்மலையனூர் அங்காளம்மனைத் தரிசிக்கப் போகிறவர்களும், பங்குனி உத்திரத்துக்கு மயிலம் மலைக்குக் காவடியோடு நடக்கிறவர்களும் விழுப்புரம், திண்டிவனம் ஆகிய இவ்விரு ஊர்களின் வீதிகளில்தான் இறங்கி ஏறுகிறார்கள். சித்திரையில் கூவாகம் திருவிழாவுக்காக நாட்டின் பல பாகங்களிலிருந்தும் வரும் திருநங்கையர் விழுப்புரத்தில்தான் முதலில் கூடுகிறார்கள். அந்தச் சில நாட்களில் அவர்கள் தலைநிமிர்ந்து நடக்கும் வீதி அந்த ஊருக்குப் பெருமை சேர்ப்பது. இத்தனை விதமான மனிதர்கள் நடக்கும் வேறு கடைவீதி தமிழ்நாட்டில் அதிகம் இராது.

சில மாதங்களுக்கு முன் திண்டிவனத்துக்குத் தெற்கே ஒரு கிளைச்சாலையில் பழைய சுமைதாங்கி ஒன்றைப் பார்த்தேன். தார் மேல் தார் ஊற்றி மண் உயர்ந்து உயர்ந்து, கால்கள் புதைந்து, பலகைக்கல் என் இடுப்புக்குக் கீழே நின்றது. பழைய தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய தளம் போட வேண்டும் என்று அரசு 2021-இல் உத்தரவிட்டிருக்கிறது. அதற்குள் இந்தக் கல் பாதி மண்ணுக்குள் போய்விட்டது. கல்லின் மேல் மல்லாட்டைக் கூடையை வைத்துவிட்டு, ஒரு பாட்டி பக்கத்தில் நின்று சும்மாட்டை உதறிச் சுருட்டிக்கொண்டிருந்தார். கூடையை இறக்கியாயிற்று, அவ்வளவு தாழ்விலிருந்து தலைக்கு ஏற்ற அவரால் முடியவில்லை. இரண்டு மோட்டார் சைக்கிள்கள் நிற்காமல் போயின. என்னைப் பார்த்து, "சாமி, செத்த ஒரு கை புடி" என்றார். இருவருமாகத் தூக்கினோம். சும்மாட்டின் மேல் கூடை நிலைகொண்டதும், ஒரு கையால் அதைப் பிடித்தபடி, தாரின் ஓரத்தில் இருந்த ஓரடி மண்ணில் அவர் நடக்கத் தொடங்கினார்.