அவையேறியும் செவியேறாத கட்டுரை

வரலாறு ஒருமுறை எழுதி மூடி வைக்கப்படும் ஏடன்று. புதிய சான்று கிடைக்குந்தோறும் பழைய முடிபு மீண்டும் ஆராயப்படல் வேண்டும். இதன் பொருட்டே வரலாற்றறிஞர் ஆண்டுதோறும் ஓரிடத்திற் கூடுகின்றனர். தம் ஆய்வின் பயனைக் கட்டுரையாகப் படிக்கின்றனர். பிறர் எழுப்பும் தடைகளுக்கு விடை கூறுகின்றனர். இத்தகைய மாநாடுகளுள் நெடுங்காலமாக நடைபெற்று வருவது அமெரிக்க வரலாற்றுச் சங்கத்தின் ஆண்டு மாநாடு. 1884ஆம் ஆண்டிலே சரட்டோகா என்னும் ஊரில் தோன்றிய அச்சங்கம், 1909ஆம் ஆண்டு டிசெம்பர் மாத இறுதியில், தன் இருபத்தைந்தாம் ஆண்டு நிறைவின்போது, நியூயோர்க் நகரிற் கூடியது. அங்கே படிக்கப்பெற்ற ஒரு கட்டுரையின் வரலாறு, அறிஞர் அவையின் பெருமையையும் குறைபாட்டையும் ஒருங்கே காட்டுவதாகும்.

கட்டுரையைப் படித்தவர் வில்லியம் டு போய்ஸ் என்னும் கறுப்பின அறிஞர். 1868ஆம் ஆண்டு மாசச்சூசெற்ஸ் மாநிலத்திற் பிறந்த அவர், 1895ஆம் ஆண்டு ஹாவார்ட் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றார். அப்பல்கலைக்கழகத்தில் அப்பட்டத்தைப் பெற்ற முதற் கறுப்பினத்தவர் அவரே. 1909ஆம் ஆண்டில் அவர் அற்லாண்டாப் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்தார். அவ்வாண்டு சங்கத்தின் தலைவராக விளங்கிய அல்பேட் புஷ்னெல் ஹார்ட், ஹாவார்டில் அவருக்கு ஆசிரியராய் இருந்தவர்.

டு போய்ஸ் எடுத்துக்கொண்ட பொருள் மீளமைப்புக் காலம். அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865ஆம் ஆண்டில் முடிவுற்றது. அவ்வாண்டிலேயே அடிமை முறையும் ஒழிந்தது. அதன்பின் 1877 வரையுள்ள ஆண்டுகளில், தென் மாநிலங்களின் அரசியல் புதிதாக அமைக்கப்பட்டது. நேற்றுவரை அடிமைகளாயிருந்தோர் வாக்களித்தனர், சட்டமன்றங்களிலும் அமர்ந்தனர். மிசிசிப்பி மாநிலத்திலிருந்து இருவர் நாட்டின் மேலவைக்கே தெரிவு செய்யப்பட்டனர்.

இக்காலத்தை அந்நாளைய வரலாற்றாசிரியர் எவ்வாறு மதிப்பிட்டனர்? கொலம்பியாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் வில்லியம் டன்னிங்கும் அவருடைய மாணாக்கரும் வகுத்த கொள்கையே அன்று மேலோங்கி நின்றது. ஆளத் தகுதியற்றோர் கையில் அதிகாரம் சென்றமையால் ஊழலும் சீர்கேடும் மலிந்தன என்பது அவர்தம் முடிபு. இது ஏட்டளவில் நின்ற கருத்தன்று. 1890ஆம் ஆண்டு தொடக்கம் தென் மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வாக்குவரி, எழுத்தறிவுத் தேர்வு முதலியவற்றை விதித்துக் கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பறித்து வந்தன. அச்செயலுக்கு வரலாறு துணை நிற்கிறது என்று கூறுவார்க்கு இம்முடிபே சான்றாயிற்று. எனவே, அன்று அவையில் எழுந்த வினா பழங்கதை பற்றியது மட்டுமன்று. உயிரோடிருந்த மக்களின் உரிமை பற்றியதுமாகும்.

டு போய்ஸ் உணர்ச்சியுரை ஆற்றவில்லை. சட்டங்களையும் அரசியலமைப்புகளையும் சான்றாக வைத்தே வாதித்தார். அக்காலத்தில் வீண் செலவும் களவும் நிகழ்ந்தன என்பதை அவர் மறுத்தாரல்லர். ஆயின், அப்பழியைக் கறுப்பின மக்கள்மீது மட்டும் சுமத்துதல் தகாது என்றார். அவர்கள் பங்குகொண்ட அரசுகள் தென்னாட்டுக்கு மூன்று நன்மைகளை அளித்தன என்று காட்டினார். மக்களாட்சி அமைப்பு ஒன்று; எல்லார்க்கும் பொதுவான இலவசப் பாடசாலை மற்றொன்று; புதிய சமூகச் சட்டங்கள் பிறிதொன்று. அவ்வரசுகளை வீழ்த்தியவர்கள்கூட, அவை இயற்றிய அரசியலமைப்புகளைப் பல இடங்களிற் பல்லாண்டுகள் நீக்காது வைத்திருந்தனர். தீயதென்று தூற்றப்பட்ட ஆட்சியின் சட்டங்களைத் தூற்றியோரே கைவிடாதிருந்தது ஏன்? இவ்வினாவே கட்டுரையின் உயிர்நாடி.

அவை அமைதியாகக் கேட்டது. டன்னிங்கும் அதனைப் பாராட்டினார் எனக் கூறப்படுகிறது. 1910ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் சங்கத்தின் ஆய்வேடு அதனை அச்சிட்டது. அச்சேறுமுன் நிகழ்ந்த ஒரு செய்தி குறிப்பிடத்தக்கது. ஆங்கிலத்திலே இனப் பெயர்களின் முதலெழுத்தைப் பெரிய எழுத்தாக எழுதுவது வழக்கம். கறுப்பின மக்களை அந்நாளிற் குறித்த 'நீக்ரோ' என்னும் பெயருக்கு மட்டும் பலரும் அம்மதிப்பை அளிப்பதில்லை. அதனை அளிக்குமாறு டு போய்ஸ் கேட்டுக்கொண்டார். ஏட்டின் ஆசிரியர் ஜேம்சன் இசையவில்லை. ஒரு மக்களின் வரலாற்றுக்குப் பல பக்கங்களை வழங்கிய ஏடு, அம்மக்களின் பெயருக்கு ஒரு பெரிய எழுத்தை வழங்க மறுத்தது!

அதன்பின் நிகழ்ந்தது யாது? பாராட்டியோர் தத்தம் ஊர் திரும்பினர், பாடநூல்கள் மாறவில்லை. டன்னிங் 1913ஆம் ஆண்டிலே அச்சங்கத்தின் தலைவரானார். கறுப்பின மக்களின் வரலாற்றை ஆராய்தற்கெனக் காட்டர் வூட்சன் என்பார் 1915ஆம் ஆண்டு சிக்காகோவிலே தனிச் சங்கம் ஒன்றை நிறுவினார். டு போய்சும் தம் பொருளைக் கைவிட்டாரல்லர். 1935ஆம் ஆண்டில் அக்கட்டுரையின் கருத்து அவர் கையிற் பெருநூலாக விரிந்தது. அந்நூலின் இறுதி இயலிலே, வரலாறு எவ்வாறு பொய்ப் பரப்புரை ஆக்கப்பட்டது என்பதைப் பாடநூல்களைக் கொண்டே அவர் எடுத்துக்காட்டினார். முன்பு அவருடைய கட்டுரையை அச்சிட்ட அதே ஆய்வேடு, அந்நூல் வெளிவந்தபோது மதிப்புரை எழுதவில்லை. மதிப்புரை வெளிவந்தது 2022ஆம் ஆண்டிலேதான்.

காலம் மெல்ல மாறியது. 1965ஆம் ஆண்டின் சட்டம் தென் மாநிலங்களில் வாக்குரிமைக்குக் காப்பளித்தது. ஜோன் ஹோப் பிராங்கிளின் என்னும் கறுப்பின வரலாற்றாசிரியர் 1979ஆம் ஆண்டு அமெரிக்க வரலாற்றுச் சங்கத்தின் தலைவராக வீற்றிருந்தார். டன்னிங் கற்பித்த கொலம்பியாப் பல்கலைக்கழகத்திலேயே பேராசிரியராக விளங்கிய எரிக் போனர், 1988ஆம் ஆண்டில் மீளமைப்புக் காலம் பற்றி எழுதிய பெருநூல், டு போய்ஸ் காட்டிய நெறியையே வலியுறுத்தியது. டு போய்ஸ் இவற்றைக் காணவில்லை. 1963ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில், கானா நாட்டின் அக்ரா நகரிலே அவர் காலமானார்.

அவையில் ஒருவர்க்கு இடமளித்தல் நன்று. அமைதியாகக் கேட்டல் அதனினும் நன்று. ஆயினும் கேட்ட உண்மையை ஏற்று, அதற்கேற்பத் தாம் கற்பிக்கும் பாடத்தைத் திருத்துவதே கல்வியின் பயன். 1909ஆம் ஆண்டு நியூயோர்க்கில் முதல் இரண்டும் நிகழ்ந்தன. மூன்றாவது நிகழ்வதற்கு இரு தலைமுறைகள் சென்றன. அறிஞர் மாநாட்டின் வெற்றியை அளக்கவேண்டிய இடம், கைதட்டல் ஒலித்த மண்டபமன்று. அதன்பின் மாணாக்கர் கையிற் சேரும் பாடநூலே.